குழல் போன பக்கம்

போன வாரம் முருங்கைக்காய் வாங்கப் போன இடத்தில் கடைக்காரத் தம்பி தன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். பாரீசில் ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல்கோடியில் இருக்கிற கடை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நாற்பது வயது இருக்கும், எனக்கு அவன் பிள்ளைதான். புறநகரில் பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் போய்த் துப்பாக்கி சுடுகிற இடம் ஒன்று இருக்கிறதாம். சனிக்கிழமை நாலு பேராகச் சேர்ந்து போயிருக்கிறார்கள். படத்தில் அவன் துப்பாக்கியும் கையுமாகத் திரும்பி நின்று சிரிக்கிறான். குழல் நேராக என்னைப் பார்த்தது.

"தம்பி, இந்தப் படத்த எடுத்தது யாரு?" என்று கேட்டேன்.

"என்ரை மச்சான், அம்மா."

"இருக்கானா?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஐயோ அம்மா, உள்ளுக்குக் குண்டு இல்லை. அங்கை காவலுக்கு நிக்கிற வெள்ளைக்காரனும் உங்களை மாதிரித்தான். துவக்கைக் கொஞ்சம் அசைச்சாலும் காணும், கத்திக்கொண்டு ஓடி வாறான். கடைசியிலை எங்களை வெளியிலை போகச் சொல்லிப்போட்டான்."

"அந்த ஆளு இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு போடு" என்றேன்.

"உங்களுக்குத் துவக்கைப் பற்றி என்னம்மா தெரியும்?"

கேலியாகத்தான் கேட்டான். கெட்ட பிள்ளை இல்லை. முருங்கைக்காயில் எப்போதும் ஒன்று கூடப் போடுவான்.

எனக்கு எழுத்து அதிகம் தெரியாது. தமிழை அம்மா சொல்லிக்கொடுத்த அளவுக்கு எழுதுவேன். பிரெஞ்சு நன்றாகப் பேசுவேன், எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். ஆனால் துப்பாக்கி எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கடைகூட இல்லாத காலத்தில், ஒன்பது வயதில், இதே லா சப்பல் பகுதியில் ஆறடி வெள்ளைக்காரர்களை ஒரே ஒரு சொல்லால் அடக்கியவள் நான். அவனிடம் அதைச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். சொல்லத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதும் எனக்குத் தெரியும். இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்பா புதுச்சேரிச் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கடல் கடந்த நாடுகளில் பதினைந்து வருஷம் துப்பாக்கி தூக்கிவிட்டு, ஒரு முழங்கால் சரியாக மடங்காமல் வெளியே வந்தார். ஊர் இந்தியாவுக்குக் கைமாறியதும் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு எங்களையும் கூட்டிக்கொண்டு பாரீசுக்கு வந்தார். அம்மா, அக்கா, நான். தலைக்கு மேல் மெட்ரோ ஓடுகிற அந்தப் பெரிய சாலைக்குப் பின்னால், ஆறாவது மாடியில் ஒரே அறை. கட்டில், அடுப்பு, சன்னல், அவ்வளவுதான்.

வசந்த காலம் வந்தால் அந்தச் சாலையில் மெட்ரோத் தூண்களை ஒட்டிக் கேளிக்கைச் சந்தை போடுவார்கள். குதிரை ராட்டினம், சர்க்கரைப் பஞ்சு, குறி சொல்கிறவள், எல்லாம் இருக்கும். அதில் ஒரு துப்பாக்கிக் கடை. கணவனை இழந்த ஒரு பிரெஞ்சுக்காரி அதன் முதலாளி. எங்களுக்கு அவர் மதாம். பேர் கேட்டதில்லை. அந்தக் கடையில்தான் அப்பாவுக்கு வேலை. முன்னால் ஒரு நீளப் பலகை, அதன்மேல் ஐந்து காற்றுத் துப்பாக்கிகள். பின் சுவரில் வெள்ளைக் களிமண்ணில் செய்த புகைக்குழாய்களை வரிசையாகச் செருகி வைத்திருப்பார்கள். குண்டு பட்டால் பொடியாக உடையும். மூன்று உடைத்தால் காகிதப் பூ. ஐந்தும் உடைத்தால் சாந்துப் பொம்மை.

காற்றுத் துப்பாக்கிதானே என்று நினைக்க வேண்டாம். மிளகு அளவு ஈயக் குண்டு. பலகையில் அடித்தால் பாதி உள்ளே இறங்கி நிற்கும். மனுஷத் தோல் பலகையைவிடக் கெட்டி இல்லை.

சுட வருகிறவர்களுக்கு அது தெரியாது. காதலியோடு வருகிற கசாப்புக்கடைக்காரன் ஒரு குழாயை உடைத்துவிட்டால் போதும், அடுத்த குண்டு போட்ட துப்பாக்கியோடு அப்படியே திரும்பி அவளுக்கு முத்தம் கொடுப்பான். குழல் சாலையில் போகிற தள்ளுவண்டிக் குழந்தையைப் பார்க்கும். குண்டு வரவில்லையே என்று குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தவன் ஒருவன். அவன் பள்ளிக்கூட வாத்தியார் என்று பிறகு தெரிந்தது. நண்பனின் முதுகில் குழலால் குத்தி விளையாடுகிறவர்கள் தினமும் நாலு பேர்.

அப்பா யாரிடமும் கத்த மாட்டார். அவர் கைதான் போகும். உள்ளங்கையைக் குழலின் மேல் வைத்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது மாதிரி மெதுவாக அழுத்திப் பலகையில் படுக்க வைப்பார். "மெஸ்யே" என்று ஒரு வார்த்தை, ஐயா என்கிற மாதிரி. அவ்வளவுதான். அந்தக் கைக்கு எதிராக முரண்டு பிடித்தவர்கள் கிடையாது. குடித்துவிட்டு வந்த கப்பல்காரன்கூடப் பள்ளிப்பிள்ளை மாதிரித் தொப்பியைக் கழற்றினான்.

"பயந்தவனால ஆபத்து இல்ல. எனக்குத் தெரியும்னு வர்றவன் இருக்கான் பாரு, அவன் மேல ஒரு கண்ண வை" என்று என்னிடம் சொல்லுவார். அதற்குத்தான் என்னை வைத்திருந்தார். பலகையின் மூலையில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் நான் உட்கார்ந்திருப்பேன். டப்பா மூடியில் ஆளுக்கு ஐந்து குண்டு போட்டுக் கொடுப்பது ஒரு வேலை. அப்பா ஒருவனுக்குக் குனிந்து சொல்லிக்கொடுக்கும்போது வேறு ஒருவன் குழலைத் திருப்பினால், "கனோன்!" என்று கத்துவது இன்னொரு வேலை. பிரெஞ்சில் குழலுக்கு அதுதான் பேர். நான் கத்தினால் ராட்டினத்தில் இருக்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். பெரிய மீசைக்காரன் ஒருவன் காது சிவந்து துப்பாக்கியை வைத்துவிட்டு "பர்தோன், மத்மொசேல்" என்றான். ஒன்பது வயதில் ஒரு பெரிய மனுஷனை அப்படி மன்னிப்புக் கேட்க வைத்தவளுக்கு அதற்கப்புறம் யாரிடமும் தலை சுலபமாகக் குனியவில்லை. எனக்குத் திமிர் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

அம்மாவுக்குத்தான் அது பிடிக்காது. "பொட்டப்புள்ள இப்பிடித் தெருவுல நின்னு கத்தினா, நாளைக்கு இந்த வூட்டுக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?" என்பாள்.

அவள் கவலை அக்காவைப் பற்றி. அக்காவுக்குப் பத்தொன்பது முடிந்திருந்தது. அந்தக் காலத்தில் பாரீசில் நம் ஜனங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நாலு குடும்பத்தில் பெண் இருக்கும், பையன் இருக்காது. பையன் இருக்கிற வீட்டில் வெள்ளைக்காரி வந்திருப்பாள். அப்படி இருக்கும்போதுதான் அந்தச் சம்பந்தம் வந்தது. பையனுக்குத் தபால் ஆபீசில் வேலை. பையனின் அப்பா ராணுவத்தில் அஜுதானாக இருந்து ஓய்வு பெற்றவர். அஜுதான் என்றால் சிப்பாய்களை மேய்க்கிற அதிகாரி. எந்தப் படையில் தெரியுமா? எங்கள் அப்பா இருந்த அதே படையில். ஏழு வருஷம் அப்பா அவருக்குக் கீழே சலாம் போட்டவர்.

அவர் வீட்டுப் பையனுக்கு நம் வீட்டுப் பெண்ணா என்று அப்பா இரண்டு நாள் பேசவே இல்லை. சந்தோஷத்தில்தான்.

பெண் பார்க்க வீட்டுக்கு வரச் சொல்ல முடியாது. ஆறு மாடி ஏறி வந்து எங்கே உட்காருவார்கள், கட்டிலிலா? ஊரில் என்றால் கோயில் பிரகாரத்தில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி வைத்துக்கொள்ளலாம். இங்கே கோயிலுக்கு எங்கே போக? அதனால் சந்தையில் வைத்துக்கொள்வது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் சந்தை பார்க்க வருகிற மாதிரி வருவது, நாங்கள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த மாதிரி நிற்பது.

அன்று காலையில் தலை வாரும்போதே அம்மா சொல்லிவிட்டாள். "இன்னிக்கு உன் வாயிலேருந்து ஒரு சத்தம் வரக் கூடாது. கனோனும் வேணாம், கினோனும் வேணாம். தங்கச்சிக்காரி வாயாடின்னு ஒரு பேர் வந்தா அக்கா தலையில விடியும்."

"யாராவது குழலத் திருப்பினா?"

"அப்பா பாத்துப்பாரு."

அவர்கள் வந்தார்கள். அஜுதான் தொப்பியும் கோட்டுமாக, நெஞ்சில் பதக்க நாடாவோடு வந்தார். அவர் மனைவி பட்டுப்புடவைக்கு மேல் கம்பளிக் கோட்டு போட்டிருந்தாள். பையன் ஒல்லி, காது மட்டும் சிவந்திருந்தது. அக்கா வெளிர்பச்சைப் புடவையில், யாரிடமோ வாங்கின கோட்டை மேலே போட்டுக்கொண்டு, என் பெட்டிக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றாள்.

மதாம் சாப்பிடப் போயிருந்த நேரம். கடை அப்பாவின் பொறுப்பு. அஜுதானைக் கண்டதும் அப்பா குதிகால் இரண்டையும் சேர்த்து விறைத்து நின்றார். "மோன் அஜுதான்!" என்றார், படையில் மேலதிகாரியைக் கூப்பிடுகிற மாதிரி.

"சம்பந்தின்னு சொல்லுங்க" என்று அம்மா பல்லுக்குள் சொன்னாள்.

"வாங்க, சம்..." என்று அப்பா தொடங்கினார். வாயில் வரவில்லை. "வாங்க, மோன் அஜுதான்."

எப்போதும் பலகைக்கு உள்ளே நிற்கிறவர் அன்று மரியாதைக்காக வெளியே வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

அஜுதான் ஒரு துப்பாக்கியை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார். "என்னடா, பொம்மத் துப்பாக்கிய வெச்சிக்கினு பொழைக்கிறியா?"

அப்பாவை யாரும் டா போட்டு நான் கேட்டதில்லை. அப்பாவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். அவர் கூச்சத்தோடு சிரித்தார். "என்ன செய்யறதுங்க, மோன் அஜுதான். காலம்."

நான் மூடியில் ஐந்து குண்டு போட்டுக் கொடுத்தேன். அஜுதான் நன்றாகச் சுட்டார், அதை மறைக்கக் கூடாது. முதல் குண்டிலேயே ஒரு குழாய் பொடியானது. உடனே அடுத்த குண்டைப் போட்டு, துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பி "பாத்தியா?" என்றார். குழலும் திரும்பியது. விரல் விசைக்குள்ளேயே இருந்தது.

அப்பாவின் கை எழுந்தது. பாதி தூரம் போய் நின்றது. பிறகு தோளில் கிடந்த துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தது. துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

இரண்டாவது குண்டு. மறுபடியும் குழாய் உடைந்தது, மறுபடியும் குண்டைப் போட்டுக்கொண்டு திரும்பினார். இந்தத் தடவை மகன் பக்கம். அப்பா ஏதோ எடுக்கப் போகிறவர் மாதிரி நகர்ந்து இடையில் போய் நின்றார். மூன்றாவது குண்டுக்கு அம்மா பக்கம் திரும்பினார். அப்பா மடங்காத காலை இழுத்துக்கொண்டு அங்கே போனார். குழல் போன பக்கமெல்லாம் அவரும் போனார். வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது பக்கம். முகத்தில் அந்தச் சிரிப்பு மட்டும் மாறவில்லை. எனக்கு அது ஆட்டம் மாதிரி இருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. கோட்டுக் கையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன்.

ஊரான் ஒருவன் இதில் பாதி செய்திருந்தால் அப்பா துப்பாக்கியை வாங்கி வைத்திருப்பார். இவர் கையிலிருந்து எப்படி வாங்குவது? பெண்ணைக் கொடுக்கிற இடம். ஏழு வருஷம் சலாம் போட்ட கை. இரண்டையும் மீறிப் போகிற சொல் எங்கள் ஜனத்திடம் இல்லை. உடம்புதான் இருந்தது, அதைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

நாலும் உடைந்தது. ஒரு குண்டு பாக்கி.

"டேய், இந்தக் கடைசிய நீ சுடு. பொண்ணுக்கு ஒரு பொம்ம ஜெயிச்சுக் குடு" என்றார் மகனைப் பார்த்து. பையன் காது இன்னும் சிவந்தது. அக்கா சிரித்துவிட்டாள். அன்று அவள் நிமிர்ந்தது அப்போதுதான்.

அப்பா குண்டைப் போட்டுத் துப்பாக்கியைப் பையனிடம் நீட்டினார். அஜுதான் நடுவில் வாங்கிக்கொண்டார். "நான் குடுக்கறேன். நீ போயி அந்த நடு வரிசையச் சரி பண்ணு. கோணலா இருக்கு."

குண்டு போட்ட துப்பாக்கி வெளியே இருக்கும்போது அப்பா ஒரு நாளும் குழாய் வரிசைக்குப் போனதில்லை. மதாமே சொன்னாலும் போக மாட்டார். அன்று போனார். உத்தரவு வந்தது, கால் போனது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாய்களை நேராக்கிக்கொண்டிருந்தார்.

அஜுதான் மகனிடம் கொடுக்கத் திரும்பினார். மகன் அக்காவுக்கு அந்தப் பக்கம் நின்றான். குழல் குறுக்கே வந்தது. விரல் உள்ளே இருந்ததை நான் பார்த்தேன். என் உயரத்துக்கு அது நேராகத் தெரிந்தது. அந்தச் சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா துப்பாக்கியைப் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை உதட்டில் வைத்துத் தலையை ஆட்டினாள்.

சுள்ளி ஒடிகிற சத்தம்தான் கேட்டது. மேலே மெட்ரோ போயிருந்தால் அதுவும் கேட்டிருக்காது.

அக்கா கத்தவில்லை. ஒரு கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் எதிரில் அடக்கமாக இருக்க வேண்டும் என்று அவளுக்கும் காலையில் சொல்லியிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

"தூசி பட்டிருக்கும்" என்றார் அஜுதான்.

பிறகு அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து ரத்தம் இறங்கிப் பச்சைப் புடவையில் விழுந்தது. அப்பா மடங்காத காலோடு பலகையைத் தாண்டிக் குதித்து வந்தார். அஜுதான் துப்பாக்கியைக் கீழே வைத்தார். குழல் சுவரைப் பார்க்க, விரல் வெளியே இருக்க, ஒழுங்காக வைத்தார். அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

பெரிய ஆஸ்பத்திரி நடக்கிற தூரத்தில்தான் இருந்தது. அப்பா அக்காவைத் தூக்கிக்கொண்டார். கிளம்புவதற்கு முன்னால் அஜுதானிடம் அவர் சொன்னதை நான் கேட்டேன். "மோன் அஜுதான், நீங்க வூட்டுக்குப் போங்க. போலீசு வரும். நான் பாத்துக்கறேன்." அவர் தலையை அசைத்தார். பையன் மட்டும் அங்கேயே நின்றான். அவன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மெட்ரோப் படியில் ஏறினாள்.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. மறுநாள் எடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரி நடையில் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். அவருக்கு முன்னால் அப்பா ராணுவத்தில் நிற்கிற மாதிரி நின்று, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், தான்தான் சுட்டதாகச் சொன்னார். துப்பாக்கியைக் கைமாற்றும்போது தன் விரல் பட்டுவிட்டதாம். சந்தையில் சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் "ஒரு இந்தியன் சுட்டான்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஆண்கள் எல்லோருக்கும் அவர்கள் கண்ணில் ஒரே முகம். போலீஸ்காரருக்கு எதிலோ திருப்தி இல்லை. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அதனால் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன்.

அப்பா கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டார் என்று நீங்கள் கேட்பீர்கள். சம்பந்தியின் பேர் போலீஸ் தாளில் ஏறினால் சம்பந்தம் எங்கே நிற்கும்? இவ்வளவு பெரிய உதவியைச் செய்துவிட்டால், கண் போன பெண்ணானாலும் அவர்கள் கைவிட மாட்டார்கள் என்று அவர் நம்பினார். படையில் அப்படித்தான். ஒருவன் குற்றத்தை இன்னொருவன் தாங்கினால் சாகும்வரை மறக்கக் கூடாது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். பெண்ணுக்குக் குறை இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாமாம். ஆனால் சொந்த மகளின் கண்ணையே சுட்டுப் பொட்டையாக்கியவன் வீட்டில் எப்படிக் கை நனைப்பது, நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டார்களாம்.

அப்பா அதைக் கேட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அம்மா எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினாள். யாருக்கும் கேட்கக் கூடாத எதையோ பேசப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

மதாம் நல்லவர், அழுதுகொண்டேதான் வேலையை விட்டு நிறுத்தினார். சந்தையில் வேறு யாரும் சேர்க்கவில்லை. மகளைச் சுட்டவன் கையில் துப்பாக்கிக் கடையை யார் கொடுப்பார்கள்? அப்பா ஒரு உணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவப் போனார். எத்தனையோ ஆயிரம் பேர் கையில் துப்பாக்கி கொடுத்து, ஒருவர் மேல் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்டவர். அவர் செத்து அடக்கம் செய்த அன்று மயானத்தில் நம் ஜனத்தில் ஒருவர் இன்னொருவரிடம், "பாவம், கை பதறின சொல்தா" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். திரும்பி அந்த ஆளைப் பார்த்தேன். என்ன சொல்லியிருக்க முடியும்? சொன்னாலும் யார் நம்பியிருப்பார்கள்?

அக்கா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். ஏதோ ஒரு வீட்டு விசேஷத்தில், "எங்க அப்பா சுடல, நான் பாத்தேன்" என்றாள். எதிரில் இருந்த அம்மாள் அவள் கன்னத்தைத் தடவி, "பெத்தவர விட்டுக்குடுக்குதா பாரு, தங்கம்" என்றாள். அதோடு அக்கா நிறுத்திக்கொண்டாள். கல்யாணம் ஆகவில்லை. நாற்பது வருஷம் சலவைக்கடையில் இஸ்திரி போட்டாள். இப்போது புறநகரான சார்செல்லில் ஏழாவது மாடியில் தனியாக இருக்கிறாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் போய்ப் பார்க்கிறேன். கண்ணாடிக் கண் என்னைப் பார்க்கும். மற்றது தொலைக்காட்சியைப் பார்க்கும்.

அம்மா அதற்குப் பிறகு சாகும்வரை என்னைப் பார்த்து "வாயை மூடு" என்று ஒரு நாளும் சொல்லவில்லை. நான் என்ன கத்தினாலும், யாரை எதிர்த்துப் பேசினாலும் பேசாமல் இருந்தாள். அதைவிட அவள் என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

சரி, அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

போலீஸ்காரர் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் அப்பா என்னை நடையின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். கீழே உட்கார அவருக்குக் கால் மடங்காது. சுவரில் சாய்ந்து சரிந்து என் முகத்துக்கு நேராக வந்தார்.

"யாரு வெச்சிருந்தாங்கன்னு உன்னக் கேப்பாங்க. அப்பான்னு சொல்லு."

"ஆனா அவருதானப்பா..."

"அக்கா கல்யாணம் நடக்கணுமா, வேணாமா?"

"நடக்கணும்."

"அப்ப அப்பான்னு சொல்லு."

போலீஸ்காரர் குனிந்து, என் தோளில் கை வைத்து, பயப்படாமல் உண்மையைச் சொல் என்று பிரெஞ்சில் கேட்டார். துப்பாக்கி யார் கையில் இருந்தது? அம்மாவுக்கு அந்தப் பாஷை தெரியாது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க மூடி வைத்திருந்த வாய். இப்போது திறக்கலாம் என்று ஆகிவிட்டது. சந்தையில் கத்துகிற அதே குரலில், நடை முழுக்கக் கேட்கும்படி, "பாப்பா!" என்றேன். பிரெஞ்சில் அப்பா என்று அர்த்தம்.

அவர் எழுதிக்கொண்டார். தெளிவாகப் பேசுகிற பெண் என்று என் கன்னத்தில் தட்டினார். அப்பா கண்களை மூடித் தலையை ஆட்டினார். நான் சரியாகச் சொல்லிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பா அக்காவோடு இருந்துவிட்டார். அம்மாவும் நானும் மட்டும் மெட்ரோத் தூண்களின் ஓரமாக நடந்து வீட்டுக்கு வந்தோம். அம்மா அழுதுகொண்டு வந்தாள். நான் அழவில்லை. அக்காவின் கல்யாணத்துக்கு நீலக் கவுன் போடுவதா, இல்லை புதிதாக ஒன்று தைக்கச் சொல்லிக் கேட்பதா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.